அக்கா கேட்டு வாங்கிய சம்பளம்

எங்கள் அக்கா காலமாகி ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும் அவரைத் தாயாகவும் மனைவியாகவும் பங்கின் பாடகர் குழுவில் ஒருவராகவும் அறிவீர்கள். அவற்றைப் பற்றி அவருடைய பிள்ளைகளும் பங்குத்தந்தையும் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். உடன்பிறந்தவள் என்ற முறையில் நான் எழுத எடுத்துக்கொண்டது அவருடைய தொழில் வாழ்க்கையை. வேலையையும் சம்பளத்தையும் பற்றி அக்கா ஒருபோதும் மறைத்துப் பேசியவர் அல்லர். ஆகவே நானும் ஒளிவு மறைவின்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அக்கா மன்னார்த் தீவில் பிறந்தார். எங்கள் ஐயா மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்தார். நாங்கள் இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கும் அக்காவுக்கும் எட்டு வயது வித்தியாசம். உயர்தரப் பரீட்சை முடித்ததும் அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மூன்று ஆண்டுப் பயிற்சி அது. இரண்டு ஆண்டுகள் முடித்து, மூன்றாம் ஆண்டு தொடங்கிய காலத்தில் நாட்டின் நிலைமை மிகவும் மோசமானது. ஐயா நேரே போய் விடுதியிலிருந்து அவரை அழைத்துக்கொண்டு வந்தார். சில மாதங்களில் காணியை ஈடு வைத்து விமானம் ஏற்றினார். எண்பதுகளில் எம்மவர் பலர் வந்த வழியில்தான் அக்காவும் வந்தார். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்து, அங்கிருந்து மேற்கு ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரிலிருந்த அகதி முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் வேலை செய்ய அனுமதி இல்லை. இருபத்திரண்டு வயதில் கை கால் சுகத்தோடு முகாமில் சும்மா இருந்ததுதான் தம் வாழ்க்கையிலேயே களைப்பான காலம் என்று அக்கா சொல்வார். முகாமில் இருந்த ஜெர்மன் பாடப் புத்தகத்தை அட்டை கழன்று போகும் வரை படித்தார். அங்கேதான் அத்தானைச் சந்தித்தார். அத்தான் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் உணவகமொன்றில் சமையற்காரராகப் பணியாற்றியவர். பங்குக் கோவிலில் எளிமையாகத் திருமணம் நடந்தது.

வேலை அனுமதி கிடைத்ததும் அக்கா முதியோர் இல்லமொன்றில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் படித்த இரண்டு ஆண்டுகளையும் ஏதாவது ஒரு வகையில் கணக்கில் எடுப்பார்களா என்று அலுவலகத்தில் விசாரித்தார். பயிற்சி முழுமையாக முடிந்திருந்தால் மட்டுமே பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. மகள் அனுஜாவும் மகன் றொஷானும் பிறந்தது இதற்கு அடுத்து வந்த ஆண்டுகளில்தான். நான் ஜெர்மனிக்கு வந்து அவர்களோடு தங்கியதும் அப்போதுதான்.

துப்புரவிலிருந்து பராமரிப்பு உதவியாளராக அவர் மாறியது எப்படியென்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். யாரும் அவருடைய திறமையைக் கண்டு மேலே தூக்கிவிடவில்லை. முதியோர் தங்கும் மாடியில் ஆள் பற்றாக்குறை என்று தெரிந்ததும் அக்கா தாமாகவே போய்க் கேட்டார். முதல் முறை மறுத்தார்கள். அடுத்த கோடையில் மறுபடியும் கேட்டார். குறுகிய பயிற்சியொன்றுக்கு அனுப்பி, முதியோரைக் குளிப்பாட்டவும் உணவூட்டவும் படுக்கையில் திருப்பிவிடவும் பழக்கினார்கள். மாத்திரை கொடுப்பதும் ஊசி போடுவதும் தகைமை பெற்ற தாதிகளின் பொறுப்பு. அந்த எல்லையை அக்கா மீறியதில்லை.

அந்த வேலையில் அவர் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் குறைவுதான். இரவு வேலை, ஞாயிறு வேலை, பெருநாள் வேலை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மேலதிகக் கொடுப்பனவு உண்டு. பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அந்தக் கொடுப்பனவுகளால்தான் குடும்பம் ஓடியது. புதிதாகப் பரீட்சை எழுதித் தேறி வரும் இளம் தாதிகளுக்கு மாடியைச் சுற்றிக் காட்டுவதும், யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் நோகும் என்று சொல்லிக் கொடுப்பதும் அக்காவின் வேலை. அவர்களுடைய முதல் மாதச் சம்பளமே அக்காவுடையதைவிட அதிகம்.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஒருமுறை அவரிடமே சொன்னேன்.

"அநியாயம் எண்டு சொல்லாத," என்றார் அக்கா. "அவையள் படிச்சு முடிச்சவை. நான் முடிக்கேல்லை. பொறுப்பு அவையளின்ர கையெழுத்தில இருக்கு. அதுக்குத்தான் அந்தச் சம்பளம்."

"அப்ப உங்கட அனுபவத்துக்கு ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. என்னை வேலையால நிப்பாட்டமாட்டினம். அவ்வளவுதான்."

இந்தப் பேச்சு நடந்து சில காலத்துக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து நானும் என் கணவரும் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். சோறு போட்டபடியே அக்கா விஷயத்தைச் சொன்னார். தாதியாவதற்கான மூன்றாண்டு அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியில் சேரப் போகிறார். இல்லம் ஒப்புக்கொண்டுவிட்டது. பயிற்சிக் காலத்தில் பயிலுநருக்குரிய கொடுப்பனவு மட்டுமே கிடைக்கும். இரவு வேலைப் பணமும் இராது. அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது.

அத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். "பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளையளோட ஒரே வாங்கில இருந்து படிக்கப் போறீரோ?"

"ஓம்."

"இப்ப வாற காசு காணாதோ?"

"காணும். ஆனா இது ஏறாது. இன்னும் பத்து வருசத்தில நானும் இதே காசுதான் எடுப்பன். அப்ப எனக்கு இந்த முதுகு இராது."

"மூண்டு வருசம் வீட்டை ஆர் பாக்கிறது?"

"நீங்களும் நானும்தான். அனுஜாவுக்குப் பன்னிரண்டு வயசு முடிஞ்சுது. உணவகத்தில காலைமுறை கேட்டுப் பாருங்கோவன்."

அத்தான் கரண்டியை மறுபடியும் எடுத்துச் சாப்பிட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சில வாரங்கள் இருவரும் அளவாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அத்தான் முதலாளியிடம் கேட்டு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். மூன்று ஆண்டுகளும் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு கொடுத்துப் படுக்க வைத்தவர் அவர்தான். இதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

பயிற்சியின் செய்முறைப் பகுதி அக்காவுக்குச் சிரமமாக இருக்கவில்லை. எழுத்துப் பாடங்கள்தான் வருத்தின. நோயாளியின் உரிமை, பராமரிப்புச் சட்டம், பதிவேடு எழுதும் முறை ஆகியவற்றில் நீண்ட ஜெர்மன் வாக்கியங்களை எழுத வேண்டும். பேச்சில் சரளமாக வந்த மொழி தாளில் அவருக்கு வர மறுத்தது. இறுதிப் பரீட்சையில் ஒரு எழுத்துத் தாளில் தேறவில்லை. அன்று மாலை மேசையில் எல்லோரும் இருக்கும்போது, "நான் பெயில்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கறியை அடுத்தவருக்கு நகர்த்தினாராம். அனுஜா அழுதாள். அக்கா அழவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் எழுத முடியும் என்பதை அவர் அதற்குள் விசாரித்து வைத்திருந்தார்.

அந்த ஆறு மாதமும் அனுஜா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாயின் வாக்கியங்களைத் திருத்தினாள். வீட்டில் கழுவாத பாத்திரங்கள் கூடிப் போனதைத் தவிர எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அனுஜா இப்போதும் சொல்கிறாள், தன் தாயை ஒரு மாணவியாகப் பார்த்தது அவளுக்குப் பெரிய ஆச்சரியம் என்று. இரண்டாம் முறை அக்கா தேறினார்.

இனி எழுதப் போவதுதான் எங்கள் குடும்பத்தில் பலருக்கும் முழுமையாகத் தெரியாத பகுதி.

தேறியதும் சம்பளம் உயரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். உயர்ந்தது உண்மை. ஆனால் ஜெர்மனியில் இத்தகைய வேலைகளுக்குச் சம்பளக் குழு என்று ஒன்றும், அந்தக் குழுவுக்குள் அனுபவத்தைப் பொறுத்துப் படிகள் என்று சிலவும் உண்டு. தகைமை இருந்தால் குழு மாறும். அனுபவம் கூடக் கூடப் படி ஏறும். இல்லத்து நிர்வாகம் அக்காவைத் தாதிகளுக்குரிய குழுவில் முதற்படியில் வைத்தது. அதே ஆண்டில் பயிற்சி முடித்த இருபத்தொரு வயதுப் பிள்ளையும் அதே முதற்படியில்தான் இருந்தாள். உதவியாளராக வேலை செய்த பதினான்கு ஆண்டுகளும் தாதி வேலை அனுபவம் ஆகாது என்பது விதி என்றார்கள்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. விதியை ஒருவரிடம் வாங்கி வாசித்துப் பார்த்தார். பயனுள்ள முந்தைய அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ள வேலை தருபவர் விரும்பினால் முடியும் என்று அதில் ஒரு வரி இருந்தது. விரும்பினால் மட்டும். தன் இல்லம் விரும்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓராண்டுக்குச் சற்று அதிகமாக அங்கேயே வேலை செய்துகொண்டு, வேறு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்.

டுசல்டோர்ஃபில் பெரிய இல்லமொன்றிலிருந்து நேர்முகத்துக்கு நாள் குறித்து டெர்மின் வந்தது. அத்தானுக்கு அன்று வேலை. நான் கூடப் போனேன். அக்கா உள்ளே போக, நான் வெளியே வாங்கில் காத்திருந்தேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரயிலில் ஏறி இருந்த பிறகுதான் கேட்டேன்.

"என்னக்கா, என்ன நடந்தது?"

"எவ்வளவு எதிர்பாக்கிறீங்கள் எண்டு நிர்வாகி கேட்டா. மூண்டாம் படி எண்டு சொன்னன்."

"தாறம் எண்டவையோ?"

"இல்லை. முதற்படியிலதான் தொடங்கலாமாம். பதினாலு வருசம் மாடியில நிண்டிருக்கிறன், நீங்கள் எனக்கு வேலை பழக்கத் தேவையில்லை, அதுக்கு ஒரு பெறுமதி போடுங்கோ எண்டு சொன்னன். ஏலாது எண்டா. நன்றி சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்."

"இரண்டாம் படியாவது கேட்டிருக்கலாமே."

அக்கா கைப்பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். "கேட்டிருந்தா அதைத்தான் வெட்டப் பாப்பினம். இப்ப அவையள் மூண்டைப் பற்றித்தான் யோசிக்கவேணும். தாதி இல்லாமல் ஒரு மாடியை மூடி வைச்சிருக்கினம். வரேக்க பாத்தனான்."

எனக்கு அப்போது பயமாக இருந்தது. கிடைத்த வேலையைக் கையால் தள்ளிவிட்டார் என்றே நினைத்தேன். ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பின் அந்த நிர்வாகி தொலைபேசியில் அழைத்தார். உடனே இரண்டாம் படி. பிரிவுப் பொறுப்பாளருக்கான மேற்படிப்பை இல்லமே செலவு செய்து படிப்பிக்கும். அதை முடித்ததும் மூன்றாம் படி. இவை மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி அக்கா கேட்டார். எழுதிக் கொடுத்தார்கள். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்காதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகம் கிடைத்தது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. குடும்பம் பீலெஃபெல்டை விட்டு டுசல்டோர்ஃபுக்குக் குடிபெயர்ந்தது. அத்தான் பழகிய உணவகத்தையும் நண்பர்களையும் விட்டுப் புதிய சமையலறையில் முதலிலிருந்து தொடங்கினார். றொஷானுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. இரண்டு ஆண்டுகள் அவன் தாயோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும், நினைத்தவுடன் நடந்து போய்த் தேநீர் குடிக்கும் வீடு ஒன்று இல்லாமல் போனது. அக்கா இவற்றை அறியாதவர் அல்லர். "எல்லாருக்கும் ஒரேயடியா நல்லதாச் செய்ய எனக்குத் தெரியேல்லை," என்று ஒருநாள் சொன்னார். மன்னிப்புக் கேட்கும் குரலில் அல்ல, நடந்ததைச் சொல்லும் குரலில்.

புதிய இல்லத்தில் அவர் பிரிவுப் பொறுப்பாளராகி, ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். தமக்குக் கீழ் வேலை செய்த உதவியாளர்களை அவுஸ்பில்டுங்குக்கு அனுப்பும்படி நிர்வாகத்தோடு ஆண்டுதோறும் வாதாடினார். எம்மவரில் எத்தனை பேரைப் படிப்பில் சேர்த்துவிட்டார் என்பது இம்மலரை வாசிக்கும் சிலருக்குத் தெரியும்.

அவருடைய இன்னொரு பழக்கமும் உங்களுக்கு நினைவிருக்கும். திருமண வீடானாலும் பிறந்தநாள் விழாவானாலும், வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகளைக் கண்டால் சம்பளத்தைக் கேட்பார். சிலர் மனம் நொந்தார்கள். சிலர் அவர் இருக்கும் மேசையைத் தவிர்த்தார்கள். அத்தானையும் அவர் விட்டுவைக்கவில்லை. முப்பது ஆண்டு அனுபவமுள்ள சமையற்காரர், ஆனால் தகைமைப் பத்திரம் இல்லாதவர். "நான் போய்க் கேட்டா முதலாளி சிரிப்பான்," என்று அத்தான் சொல்வார். "ஒருக்கால் சிரிக்கட்டுமே," என்பார் அக்கா. அத்தான் கடைசி வரை கேட்கவில்லை. தமது வேலை தமக்குப் பிடித்திருந்தது என்பதே அவருடைய நியாயம். அதுவும் ஒரு நியாயம்தான் என்று அக்கா பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அனுஜாவோடு நடந்த தர்க்கம் கடுமையானது. நகரத் திட்டமிடலில் முதுகலைப் பட்டம் பெற்ற அனுஜாவுக்கு முதலில் கிடைத்தது ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை. சம்பளம் தாயினுடையதைவிடக் குறைவு.

"இவ்வளவு படிச்சுப்போட்டு இதுக்குக் கையெழுத்து வைக்கப் போறியோ?" என்று அக்கா கேட்டார். "முதலாவது சம்பளம்தான் அடுத்த சம்பளத்துக்கு அத்திவாரம். ஆரும் குறைவில தொடங்கினா குறைவிலதான் நிப்பாட்டுவினம்."

"அம்மா, என்னட்டப் பட்டம் மட்டும்தான் இருக்கு. ஒரு திட்டத்தையும் நான் தனியாச் செய்து முடிக்கேல்லை. அந்தச் சின்ன இடத்தில முழுத் திட்டத்தையும் என்னட்டத் தருவினம். பெரிய இடத்தில அஞ்சு வருசம் படம்தான் கீறவேணும்."

"உன்ர வேலையை மலிவா விக்கிறாய்."

"இல்லையம்மா. உங்களிட்ட அனுபவம் இருந்தது, பத்திரம் இருக்கேல்லை. எனக்கு மற்றப் பக்கம்."

அக்காவுக்குக் கோபம். அனுஜா கையெழுத்து வைத்தாள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், செய்து முடித்த திட்டங்களைக் காட்டி நகர நிர்வாகமொன்றில் நல்ல பதவியில் சேர்ந்தாள். படியையும் அவளே பேசி வாங்கினாள். அந்தச் செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அக்காதான். "நான் சொன்னது பிழை," என்றார். "பிள்ளைக்குத் தனக்கு என்ன குறையுது எண்டு தெரிஞ்சிருக்கு." அவர் தமது பிழையை இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஓய்வூதியம் கணக்கிடப்பட்டபோது அது அவர் கடைசியாக எடுத்த சம்பளத்துக்குச் சிறிதும் பொருந்தாததாக இருந்தது. முகாமில் வேலையின்றி இருந்த காலமும், துப்புரவு செய்த காலமும், உதவியாளராக இருந்த காலமும் சேர்ந்து தொகையைக் கீழே இழுத்துவிட்டன. நல்ல சம்பளம் வாழ்க்கையில் பிந்தி வந்தால் ஓய்வூதியத்தில் அதன் பங்கு சிறிது. அக்கா அந்தக் கணக்கை மேசையில் வைத்து எனக்கு விளக்கினார். குரலில் கசப்பு இல்லை. "பிந்தித் தொடங்கினா இவ்வளவுதான்," என்றார். "இன்னும் பிந்தியிருந்தா இதுவும் இல்லை."

ஓய்வு பெற்று இரண்டாம் ஆண்டில் கணையத்தில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவர் சொன்ன ஜெர்மன் சொற்களுக்கு எங்கள் எல்லோருக்கும் விளக்கம் தேவைப்பட்டபோது, அக்காவுக்குத் தேவைப்படவில்லை. சிகிச்சையின் முதற்கட்டத்துக்கு உடன்பட்டார். இரண்டாம் கட்டத்தை வேண்டாம் என்றார். கடைசி மாதங்களில் வீட்டிலேயே இருந்தார். கட்டிலை யன்னல் பக்கம் போடச் சொன்னார். தம்மைத் திருப்பிவிடும் முறையை அத்தானுக்கும் றொஷானுக்கும் தாமே சொல்லிக் கொடுத்தார். பதினாறு வயதில் தாயோடு பேசாதிருந்த றொஷான், அந்த மாதங்களில் சம்பளமற்ற விடுப்பெடுத்துப் பக்கத்தில் இருந்தான். நோவு அதிகமான நாட்களிலும் அக்காவின் பேச்சு தெளிவாகவே இருந்தது. ஒரு காலையில், நாங்கள் எல்லோரும் அருகில் இருக்க, அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

நோயுற்ற காலத்தில் வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், வலி தணிப்பு மருத்துவருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், முறை வைத்துச் சமைத்துக் கொடுத்த டுசல்டோர்ஃப் பங்கு மக்களுக்கும், பீலெஃபெல்டிலிருந்து வாகனம் ஒழுங்கு செய்து வந்தவர்களுக்கும், மன்னாரில் திருப்பலி ஒப்புக்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத் திருப்பலிக்கு வேலை இடைவேளையில் சீருடையோடு வந்து பின்வரிசையில் நின்ற அக்காவின் சக தாதியருக்கு அன்று நன்றி சொல்ல எங்களுக்கு வாய்க்கவில்லை. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்காக அனுஜா இம்மலரில் ஒரு பக்கம் ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறாள்.

மரண அறிவித்தலைத் தயாரித்துத் தந்த மைத்துனர் முறையான தம்பிக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். வழக்கமான முறைப்படி எழுதி, ஊர், பெற்றோர், கணவர், பிள்ளைகள் எல்லாவற்றையும் சரியாகப் போட்டு, அக்காவின் பெயருக்குக் கீழே 'இல்லத்தரசி' என்று குறித்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அத்தான்தான் கையை உயர்த்தினார்.

"அதை வெட்டும் தம்பி," என்றார். "தாதி எண்டு போடும். பிரிவுப் பொறுப்பாளர் எண்டும் போடும். அவ அதுக்கு எவ்வளவு படிச்சவ எண்டு எனக்குத் தெரியும்."

அப்படியே போட்டோம்.

தங்கை,
பீலெஃபெல்ட்